பாஸ்போர்ட் மாறினால் ஆட்டத்தில் என்ன மாறும்? – கூடைப்பந்து கேள்வி பதில்

2025 செப்டம்பர் 14 அன்று ரீகாவில் நடந்த யூரோபாஸ்கெட் (ஐரோப்பிய நாட்டு அணிகளின் சாம்பியன்ஷிப்) இறுதியாட்டத்தில் ஜெர்மனி 88-83 என்று துருக்கியை வென்றது. துருக்கிக்குப் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுசென்று தாக்குதலை நடத்துபவராக, ஆடிய ஷேன் லார்கின் அமெரிக்காவில் பிறந்தவர். அவரையும் அவரைப் போல் ஐரோப்பிய கிளப்புகளில் ஆடி வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களையும் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

லார்கின் எப்படித் துருக்கிக்காரர் ஆனார்? அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் தோற்றுப்போய் வந்தவரா? (திருச்சி வாசகர்)

தோற்றுப்போனவர் என்று சொல்ல முடியாது. 1992-ல் சின்சினாட்டியில் பிறந்தவர். அப்பா பாரி லார்கின், பேஸ்பால் உலகில் பெரும் பெயர். மயாமி பல்கலைக்கழகத்தில் ஆடி, 2013 டிராஃப்டில் (என்.பி.ஏ. அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) 18-வது ஆளாகத் தேர்வானார். டாலஸ், நியூயார்க், புரூக்ளின் என்று மூன்று ஆண்டுகளில் மூன்று அணிகள். 2016-17 சீசனில் ஸ்பெயினின் பாஸ்கோனியா. மறு ஆண்டு திரும்பிப் போய் பாஸ்டன் செல்டிக்ஸ். 2018-ல் இஸ்தான்புல்லின் அனடோலு எஃபெஸில் சேர்ந்தார்.

உயரம் ஏறத்தாழ 1.80 மீட்டர்தான். என்.பி.ஏ. அணி அந்த உயரத்துக்கு மாற்று ஆட்டக்காரர் என்ற இடத்தைத்தான் தரும். எஃபெஸில் பயிற்சியாளர் எர்கின் அத்தமான் பந்தையே அவரிடமும் வாசிலிஜே மிசிச்சிடமும் ஒப்படைத்தார். முதல் சீசனிலேயே, ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான யூரோலீக்கின் 2019 ஃபைனல் ஃபோர் (கடைசி நான்கு அணிகளின் சுற்று) அரையிறுதியில் ஃபெனர்பாஹ்சேக்கு எதிராக லார்கின் 30 புள்ளி எடுத்தார். 2019 நவம்பர் 29-ல் பேயர்ன் முனிக்குக்கு எதிராக 49 புள்ளி, அதில் மூன்று புள்ளிக் கூடைகள் மட்டும் 10. நவீன யூரோலீக்கில் அதுவரை ஒரே ஆட்டத்தின் உச்சம் 41. (2024 மார்ச்சில் நைஜல் ஹேஸ்-டேவிஸ் 50 எடுத்து இதைத் தாண்டினார்.) அந்த 2019-20 சீசனில் எஃபெஸ் 24 வெற்றி, 4 தோல்வியோடு முதலிடத்தில் இருந்தபோது கொரோனாவால் போட்டியே ரத்தானது. லார்கினின் சராசரி 22.2. கோப்பையும் இல்லை, அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் யாருக்கும் தரப்படவில்லை. இந்த விளையாட்டில் பறிபோன சீசன்களைப் பட்டியலிட்டால் இதை முதலில் வைக்கலாம். பிறகு 2021-ல் பார்சிலோனாவை 86-81, 2022-ல் ரியல் மாட்ரிட்டை 58-57 என்று வென்று எஃபெஸ் அடுத்தடுத்து இரண்டு கோப்பைகளை எடுத்துக்கொண்டது.

குடியுரிமை கிடைத்தது 2020 பிப்ரவரியில். துருக்கியில் சாதாரண வழியில் ஐந்து ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். லார்கின் வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. துருக்கிக் குடியுரிமைச் சட்டத்தின் 12-வது பிரிவு அறிவியல், பொருளாதாரம், விளையாட்டு, கலை போன்றவற்றில் சிறப்புச் சேவை செய்பவர்களுக்கு விதிவிலக்கு தருகிறது. விளையாட்டு வீரர்களுக்கு அங்கே திறக்கும் கதவு அதுதான்.

யூரோலீக்கில் வெளிநாட்டவர் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாமாமே? அப்படியானால் பாஸ்போர்ட் எதற்கு? (கோவை வாசகர்)

சரியான கேள்வி. குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரே கிளப் வாரத்தில் இரண்டு வெவ்வேறு சட்டங்களின் கீழ் ஆடுகிறது. யூரோலீக்கில் தேசிய வரம்பு கிடையாது. பன்னிரண்டு பேரும் அமெரிக்கர்களாக இருந்தாலும் கேட்பார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உள்நாட்டு லீக் ஆட்டம் வந்தால் கோட்டா வந்துவிடும். ஜெர்மனியில் 12 பேர் பட்டியலில் குறைந்தது 6 பேர் ஜெர்மானியர். ஸ்பெயினில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள் அதிகபட்சம் 2 பேர். துருக்கியிலும் வெளிநாட்டவருக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. அந்த எண் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும்.

கணக்கைப் பாருங்கள். லீக் ஐந்து வெளிநாட்டவரை அனுமதிக்கிறது, கிளப்பிடம் ஆறு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் சாதாரண உடையில் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார வேண்டும். அந்த ஆறு பேரில் ஒருவருக்கு உள்ளூர்ப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டால் உட்கார வேண்டியவரும் ஆடலாம். கிளப்புக்கு லாபம் குடியுரிமை பெற்றவரின் கையில் மட்டும் இல்லை, அவர் காலி செய்த இடத்தில் வந்து ஆடும் இன்னொருவரிடமும் இருக்கிறது. சம்பளப் பேச்சில் ஏஜென்ட் முதலில் விலை போடுவது இந்த இடத்துக்குத்தான்.

ஒரு எச்சரிக்கை: ஸ்பெயின், பிரான்ஸ் லீக்குகளில் "இங்கேயே வளர்ந்தவர்" என்ற தனி வகை உண்டு. ஸ்பெயினில் 14-லிருந்து 20 வயதுக்குள் மூன்று சீசன் அங்கே பயிற்சி பெற்றிருக்க வேண்டும். நெடுங்காலமாக 12 பேர் பட்டியலில் இப்படி 4 பேர் தேவைப்பட்டார்கள். முப்பது வயதில் பாஸ்போர்ட் வாங்கியவர் இந்த வகையில் வரவே மாட்டார். பாஸ்போர்ட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கோட்டா தீர்ந்தது என்று நினைக்கும் கிளப் ஏமாந்துதான் போகும்.

மிரோடிச் சிறுவயதிலேயே ஸ்பெயினில் வளர்ந்தவர். பிறகு ஏன் அவரையும் "குடியேறியவர்" கணக்கில் வைத்தார்கள்? (யாழ்ப்பாண வாசகர்)

நிகோலா மிரோடிச் 1991-ல் மான்டினீக்ரோவின் பொட்கோரிகாவில் பிறந்தவர். பதினான்கு வயதில் ரியல் மாட்ரிட்டின் இளையோர் அணிக்கு வந்தார். ஸ்பெயின் லீக் கணக்கில் அவர் "இங்கேயே வளர்ந்தவர்". ஆனால் ஸ்பெயின் பாஸ்போர்ட் கிடைத்தது 2010-ல், பத்தொன்பது வயதில்.

தேசிய அணிக்கான ஃபிபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதி வேறொரு தேதியைப் பார்க்கிறது. 16 வயது நிறைந்த பிறகு குடியுரிமை பெற்றவர் ஒரு அணியின் 12 பேரில் ஒருவர் மட்டுமே இருக்கலாம். பெற்றோர் வழியில் பிறவி உரிமை இருந்தும் அதைக் கோராமல் விட்டு, 16-க்குப் பிறகு பாஸ்போர்ட் எடுத்தவரும் இதே கணக்கில் விழலாம். சிலரின் நிலையைத் தனியாகப் பரிசீலிக்கும்போது நாட்டில் எத்தனை ஆண்டு வாழ்ந்தார், உள்ளூர்ப் போட்டிகளில் எத்தனை சீசன் ஆடினார் என்றெல்லாம் ஃபிபா பார்க்கும்.

இந்த ஒற்றை இடத்துக்கு ஸ்பெயினில் இரண்டு பேர் நின்றார்கள். காங்கோவில் பிறந்த செர்ஜ் இபாகா 2011 யூரோபாஸ்கெட் தங்கத்திலும் 2012 ஒலிம்பிக் வெள்ளியிலும் இருந்தார். 2014-ல் ஸ்பெயினே நடத்திய உலகக் கோப்பைக்கு இபாகா போனார், மிரோடிச் வீட்டில் இருந்தார். 2015 யூரோபாஸ்கெட்டுக்கு மிரோடிச் வந்தார், தங்கம். 2016 ரியோவில் வெண்கலம். இருவரையும் ஒன்றாக இறக்க முடிந்திருந்தால் உள்ளே இபாகா, வெளியே மிரோடிச் என்று அருமையான ஜோடி கிடைத்திருக்கும்.

பதினான்கு வயதுப் பையனாக வந்து அங்கேயே பள்ளி, அங்கேயே பயிற்சி என்று வளர்ந்தவரையும், ஒரு கோடையில் விமானத்தில் வந்து இறங்கியவரையும் ஒரே தட்டில் வைக்கிறது இந்த விதி. இது நியாயமில்லை. பாஸ்போர்ட் தேதிக்குப் பதில் வாழ்ந்த ஆண்டுகளை எண்ணினால் பாதி சர்ச்சை தீரும்.

குடியுரிமை பெற்ற அமெரிக்கர்கள் பெரும்பாலும் பாயிண்ட் கார்டுகளாகவே இருக்கிறார்களே, ஏன்? (சென்னை வாசகர்)

இருக்கும் ஒரே இடத்தை அணியில் எங்கே ஓட்டையோ அங்கேதான் அடைப்பார்கள். கிழக்கு ஐரோப்பாவில் உயரமானவர்களுக்குப் பஞ்சம் இல்லை. நன்றாகப் பாஸ் செய்யும் உயரமானவர்களும் உண்டு. கூடையை நோக்கி எறிய ஓர் அணிக்குக் கிடைக்கும் 24 வினாடிக் கடிகாரத்தில் ஐந்து வினாடி மிச்சம் இருக்கும்போது, திட்டமிட்ட ஆட்டம் உடைந்த பிறகு, தானே வழி உண்டாக்கிக்கொண்டு கூடையை நோக்கிப் போகிறவர்கள்தான் குறைவு. அமெரிக்கத் தெருக்களும் பள்ளிகளும் அப்படிப்பட்டவர்களை ஏராளமாக உருவாக்குகின்றன.

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் போ மக்கேலப். 1985-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே ஆடியவர், என்.பி.ஏ. அவரைத் தொடவில்லை. துருக்கியின் மெர்சின், பிறகு பார்ட்டிசான் பெல்கிரேட் (2010 ஃபைனல் ஃபோர்), பிறகு இத்தாலியின் சியேனா (2011 ஃபைனல் ஃபோர்). 2010-ல் மாசிடோனியாவின் பாஸ்போர்ட் கிடைத்தது. மறு ஆண்டு லிதுவேனியாவில் நடந்த யூரோபாஸ்கெட்டில், இருபது லட்சம் பேர் வாழும் அந்த நாடு நான்காவது இடம் பிடித்தது. காலிறுதியில் போட்டியை நடத்திய லிதுவேனியாவையே 67-65 என்று வீழ்த்தியது. கடைசி மூன்று புள்ளி எறிதல் விளாடோ இலியெவ்ஸ்கியுடையது. அந்தத் தொடர் முழுக்க அணியை இழுத்து வந்தது மக்கேலப்பின் ஊடுருவல். தொடரின் சிறந்த ஐவரில் ஒருவராகவும் தேர்வானார்.

மறுபக்கம் ஸ்லோவீனியாவைப் பாருங்கள். கோரன் டிராகிச்சும் லூக்கா டான்சிச்சும் இருக்கும் அணிக்கு இன்னொரு கார்டு எதற்கு? அவர்கள் எடுத்தது ஆன்டனி ராண்டால்ஃப் என்ற நெடியவரை, 2017 யூரோபாஸ்கெட்டில் தங்கம். டோக்கியோ ஒலிம்பிக்கில் மைக் டோபி என்ற சென்டர் (கூடைக்கு அருகில் ஆடும் நெடியவர்), நான்காவது இடம். ஓட்டை எங்கே என்று சரியாகப் பார்த்த அணி அது.

லொரென்சோ பிரவுன் ஸ்பெயினில் ஒரு நாள்கூட ஆடாமல் ஸ்பெயின்காரர் ஆனாரே? (நாகர்கோவில் வாசகர்)

ஆமாம். 2022-ல் ரிக்கி ரூபியோ முழங்கால் காயத்தில் இருந்தார்; செர்ஜியோ லூலும் காயத்தால் விலகினார். ஸ்பெயினிடம் தரமான பாயிண்ட் கார்டு இல்லை. பயிற்சியாளர் செர்ஜியோ ஸ்கரியோலோ டொராண்டோ ராப்டர்ஸில் துணைப் பயிற்சியாளராக இருந்தபோது பிரவுன் அந்த அணியில் ஆடியவர். பெல்கிரேடின் ரெட் ஸ்டார், ஃபெனர்பாஹ்சே, கசான் என்று கிளப்புகள் மாறியவர். ஸ்பெயின் கிளப் எதிலும் ஆடியதில்லை.

ஸ்பெயினில் சாதாரணமாகப் பத்து ஆண்டு வசிக்க வேண்டும், மொழித் தேர்வு எழுத வேண்டும். "கார்த்தா தே நத்துரலேசா" என்ற சிறப்பு வழியில், அரசு ஆணை ஒன்றிலேயே குடியுரிமை தரலாம். 2022 ஜூலையில் பிரவுனுக்கு அது கிடைத்தது. ஸ்பெயின் ஆட்டக்காரர் சங்கம் வெளிப்படையாக எதிர்த்தது. செப்டம்பரில் ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் பிரவுன் 29 புள்ளி எடுத்தார், ஸ்பெயின் 96-91 என்று வென்றது. இறுதியில் பிரான்சை 88-76 என்று சாய்த்துத் தங்கம். தொடரின் சிறந்த ஐவரில் அவரும் ஒருவர்.

தங்கம் வந்ததும் எதிர்ப்பு அடங்கியது. ஆனால் சங்கம் எழுப்பிய கேள்வி அப்படியே இருக்கிறது: இளையோர் அணியில் வளர்ந்து வரும் கார்டின் இடத்தை யாரிடம் கேட்டுக் கொடுத்தார்கள்? பிரவுனின் மேல் குற்றம் இல்லை. சட்டம் அழைத்தது, வந்தார், வந்த வேலையை ஒழுங்காகச் செய்தார்.

அமெரிக்க ஆட்டக்காரர் ஐரோப்பாவுக்கு வந்ததும் முதல் மாதங்களில் தடுமாறுவது ஏன்? (ஈரோட்டிலிருந்து பள்ளிப் பயிற்சியாளர் ஒருவர்)

விதிகள்தான் முதல் காரணம். ஆட்டம் 48 நிமிடத்துக்குப் பதில் 40. ஆறாவது ஃபவுலுக்குப் பதில் ஐந்தாவதிலேயே வெளியே. முதல் கால் பகுதியில் இரண்டு அசட்டு ஃபவுல் செய்துவிட்டால் அரைநேரம் வரை பெஞ்ச்தான். மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர், என்.பி.ஏ.வில் நடுவில் 7.24. கோடு அருகில் இருப்பதால் எறிதல் எளிதாகும் என்று தோன்றும். நடைமுறையில் தடுப்பவர்கள் கூடைக்கு அருகிலேயே நெருங்கி நிற்க முடிகிறது, ஓடிப்போய் மறிக்க வேண்டிய தூரம் குறைகிறது, உள்ளே புகும் வழி சுருங்குகிறது.

அடுத்தது, என்.பி.ஏ.வில் தடுப்பவர் யாரையும் மறிக்காமல் கூடைக்குக் கீழுள்ள கட்டத்துக்குள் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஃபிபா விதியில் அந்தத் தடை இல்லை. ஏழடி சென்டர் கூடைக்குக் கீழே கூடாரம் போட்டு உட்காரலாம். வேகமாக உள்ளே புகுந்து பழகியவருக்கு இது பெரிய சுவர்.

இதற்கு லார்கின் காட்டிய விடையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். பிக் அண்ட் ரோலில் சக ஆட்டக்காரர் ஒருவர் தடுப்பவரின் வழியில் திரையாக நின்று, பிறகு கூடையை நோக்கி நகர்வார். அந்தத் திரையிடுபவரைத் தடுக்கும் எதிரணிச் சென்டர் பின்வாங்கி நின்றால், திரையின் தோளை உரசியபடி ஒரு டிரிபிள், நின்று, உடனே மூன்று புள்ளி எறிதல். சென்டர் முன்னேறி வந்தால் அவரைத் தாண்டி உள்ளே ஓட்டம். தடுப்பவர் இரண்டு பேரும் பந்தின் மேல் பாய்ந்தால் திரையிட்டவருக்குப் பாஸ். சென்டரின் கால் எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டு ஓடுவதுதான் பெரும்பாலான பிள்ளைகள் செய்யும் தவறு.

சின்னச் சின்ன வலைகளும் உண்டு. ஃபிபா ஆட்டத்தில் டைம் அவுட் கேட்கும் உரிமை பயிற்சியாளருக்கே. பந்தைப் பிடித்தபடி ஆட்டக்காரர் கேட்டால் கிடைக்காது. பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால், அது உள்ளே விழப் போனாலும் தட்டிவிடலாம். அமெரிக்காவில் அது குற்றம்.

ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்கும்? சம்பளம் கிடைக்காமல் போவதும் உண்டாமே? (சேலம் வாசகர்)

உண்டு. பெரிய கிளப்புகள்கூடச் சில மாதம் தாமதிக்கும். சம்பளம் பொதுவாக நிகரத் தொகையாகப் பேசப்படும். உள்ளூர் வரியைக் கிளப் கட்டும். சீசனுக்குப் பத்துத் தவணை என்பது வழக்கம். வீடு, கார், குடும்பத்துக்கு விமானச் சீட்டு தனியாக எழுதப்படும். ஏஜென்ட் கட்டணம் வழக்கமாக 10 சதவீதம், அதைக் கிளப் தரும். ஊருக்கு வந்து இறங்கிய ஓரிரு நாளில் மருத்துவப் பரிசோதனை. அதில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும். கடைசியாக ஆடிய நாட்டின் கூட்டமைப்பிலிருந்து விடுப்புக் கடிதம் வர வேண்டும். முந்தைய ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருந்தால் இந்தக் கடிதம் நின்றுவிடும். சீசன் தொடக்கத்தில் சிலர் பயிற்சி மட்டும் செய்துகொண்டிருப்பதைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கவனிக்க வேண்டிய வரி, தகராறு வந்தால் கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்ற பிரிவு. 2007-ல் ஃபிபா தொடங்கிய தீர்ப்பாயம்; சுவிட்சர்லாந்துச் சட்டப்படி இயங்குகிறது, ஒரே நடுவர், நியாயத்தின் அடிப்படையில் தீர்ப்பு. பணம் தராத கிளப் புதிய ஆட்டக்காரரைப் பதிவு செய்வதை ஃபிபா தடுக்க முடியும். இந்தப் பிரிவு ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால் உள்ளூர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும்.

பாஸ்போர்ட் வாங்கப் போகிறவர் இன்னும் இரண்டு விஷயத்தை எழுதிக்கொள்ள வேண்டும். குடியுரிமை சீசன் நடுவில் வந்தால் சம்பளம் எவ்வளவு கூடும், தேசிய அணிக்கு ஆடும்போது காயம்பட்டால் கிளப் சம்பளத்துக்கு யார் பொறுப்பு. மேலும், அமெரிக்கக் குடியுரிமை பொதுவாகப் போவதில்லை. ஆனால் அமெரிக்கா தன் குடிமக்கள் உலகில் எங்கே சம்பாதித்தாலும் கணக்குக் கேட்கும். ஆண்டுதோறும் அங்கேயும் வரிக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும்.

ஒரு நாட்டுக்கு ஆடிவிட்டுப் பிறகு இன்னொரு நாட்டுக்கு ஆடலாமா? (புதுச்சேரி வாசகர்)

17 வயதுக்குப் பிறகு ஃபிபாவின் அதிகாரப்பூர்வப் போட்டியில் ஒரு நாட்டுக்கு இறங்கிவிட்டால் கதவு ஏறக்குறைய மூடிவிடும். விதிவிலக்கு ஃபிபா பொதுச் செயலாளர் கையில்.

துருக்கியிடம் இப்படி எத்தனை பேர்? (மலேசியாவின் ஈப்போ வாசகர்)

பல பேர் இருந்திருக்கிறார்கள், ஒரு போட்டிக்கு ஒருவராக. பாபி டிக்சன், அலி முகம்மத் என்ற பெயரில் 2015 யூரோபாஸ்கெட்டில் ஆடினார். 2019 உலகக் கோப்பைக்கு ஸ்காட்டி வில்பெகின். அமெரிக்காவிடம் கூடுதல் நேரத்தில் 93-92 என்று துருக்கி தோற்ற ஆட்டம் அதில்தான். 2022-லிருந்து பெரிய போட்டிகளில் லார்கின். நவம்பர், பிப்ரவரி தகுதிச் சுற்றுகள் யூரோலீக் சீசனுக்கு நடுவே வருவதால் யூரோலீக் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அதற்கு வருவதில்லை. அப்போது வேறொருவர் அந்த இடத்தில் ஆடுவார்.

இந்திய அணியும் இப்படி ஒருவரை எடுக்கலாமே? (மதுரை வாசகர்)

இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வருகிறவர் தன் பழைய பாஸ்போர்ட்டை விட்டுவிட வேண்டும். சாதாரண வழியில் ஏறத்தாழ 12 ஆண்டு வசிப்பு தேவை. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவியல், தத்துவம், கலை, இலக்கியம், உலக அமைதி, மனித முன்னேற்றம் ஆகியவற்றில் தனிச் சேவை செய்தவருக்கு விலக்கு தர இடம் கொடுக்கிறது. அந்த வரிசையில் விளையாட்டு என்ற சொல் இல்லை. கால்பந்தில் ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா ஜப்பான் குடியுரிமையை விட்டு 2012-ல் இந்தியர் ஆனார், 2013-ல் இந்தியாவுக்கு ஆடினார். என்.பி.ஏ. கனவு உள்ள அமெரிக்கர் யாரும் அந்த விலை கொடுக்க மாட்டார்.

இதுவரை இப்படி வந்தவர்களில் உங்கள் தேர்வு யார்? (தஞ்சாவூர் வாசகர்)

ஜே.ஆர். ஹோல்டன். பிட்ஸ்பர்க்கில் பிறந்து, டிராஃப்டில் யாரும் எடுக்காமல், லட்வியா, பெல்ஜியம், ஏதென்ஸ் வழியாக 2002-ல் சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோவுக்கு வந்தவர். 2011 வரை அங்கேயே. 2006, 2008 யூரோலீக் கோப்பைகள். 2003-ல் ரஷ்ய அதிபரின் ஆணையில் குடியுரிமை. 2007 செப்டம்பரில் மாட்ரிட்டில், சொந்த மண்ணில் நின்ற உலக சாம்பியன் ஸ்பெயினுக்கு எதிரான யூரோபாஸ்கெட் இறுதி. ஏறக்குறைய இரண்டு வினாடி மிச்சம் இருந்தபோது அவர் எறிந்த பந்து வளையத்தில் துள்ளி உள்ளே விழுந்தது, ரஷ்யா 60-59. பிறகு பாவ் காசோல் எறிந்த கடைசிப் பந்து வெளியே உருண்டது. லார்கின் ஹோல்டனைவிடத் திறமைசாலி. ஆனால் ஹோல்டன் ஒன்பது சீசன் ஒரே கிளப்பில் ஊன்றி, அந்த நாட்டு ஆட்டக்காரர்களோடு ஒன்றாகக் கலந்து ஆடியவர். அந்தக் கடைசிப் பந்து அவர் கைக்குப் போனதில் ரஷ்ய ஆட்டக்காரர் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை.

பெண்கள் கூடைப்பந்தில்? (காரைக்குடி வாசகி)

அங்கேயும் ஒரே இடம்தான். அமெரிக்காவின் பெக்கி ஹாமன் மாஸ்கோ கிளப்பில் ஒப்பந்தமாகி, ரஷ்யக் குடியுரிமை பெற்று, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கு வெண்கலம் வாங்கினார். அரையிறுதியில் எதிரே நின்றது அமெரிக்கா.